பைபாஸ் முடிந்து 14 மாதம், இப்போது இனிப்பு என்னைப் பிடித்து ஆட்டுகிறது

பாதித்தட்டு:
எடை குறைக்கிற இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து 14 மாதம் ஆகிறது. 41 கிலோ குறைந்திருக்கிறேன், அதில் எந்த வருத்தமும் இல்லை. முதல் ஏழெட்டு மாதம் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும், பக்கத்தில் யாராவது சாக்லேட் பிரித்தால் எழுந்து போய்விடுவேன். எனக்கு இனிப்பே பிடிப்பதில்லை தெரியுமா என்று கேட்காதவர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

நேற்று ராத்திரி பதினொன்றரை மணி. எல்லோரும் தூங்கியாயிற்று. அடுப்படியில் விளக்குப் போடவில்லை, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அந்த வெளிச்சத்திலேயே கண்டென்ஸ்டு மில்க் டின்னில் கரண்டியை விட்டு வழித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீல் கரண்டி டின்னில் பட்டால் சத்தம் வரும் என்று மரக்கரண்டியைத் தேடி எடுத்திருக்கிறேன் பாருங்கள், அவ்வளவு நிதானம். ஆறு கரண்டியோ ஏழோ. கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கிறது என்று ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்த பிறகுதான் நினைவே வந்தது. காலி டின்னைக் குப்பைக்கூடையில் காய்கறித் தோலுக்கு அடியில் புதைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டி, பாத்ரூமுக்கு ஓடினேன். டம்பிங்தான், இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வருகிற தொல்லை. வரும் என்று தெரிந்துதான் சாப்பிட்டேன், அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

இது ராத்திரிக் கதை. பகலில் பதினோரு மணி வாக்கில் இன்னொரு வெறி வரும், கை லேசாக நடுங்கும், பிஸ்கட்டோ மிட்டாயோ கண்ணில் படுவதை வாயில் போட்டால் அடங்கிவிடும். மூன்று மாதமாக எடை இறங்கவில்லை, போன மாதம் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது.

எல்லோருக்கும் இப்படித்தானா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அடுத்த செக்கப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது, டாக்டரிடம் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மழைக்கோட்டு:
எனக்கு ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஆபரேஷன்), மூன்று வருடம். என் பதில் ஒன்றுதான், வீட்டில் வைக்காதீர்கள். இருந்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் ராத்திரி பதினொன்றரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கா போகப்போகிறேன்? சர்க்கரை டப்பாவைக்கூடத் தூக்கிப் போட்டேன். முதல் பத்து நாள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். அப்புறம் நாக்கே மாறிவிட்டது, இப்போது கேரட் எனக்கு இனிப்பாகத் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சம் என்று ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது, அது என் குணம், அதனால் நான் வாசல்படியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

வாலில்லாக்குருவி:
மழைக்கோட்டு சொல்வது தனியாக இருப்பவர்களுக்குச் சரி. என் வீட்டில் மூன்று பிள்ளைகள், அவர்கள் பிஸ்கட்டை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நானும் முழுத்தடை போட்டுப் பார்த்தேன், 23 நாள் தாக்குப்பிடித்தேன், 24ஆம் நாள் பிள்ளையின் பள்ளிப் பையிலிருந்து பாதி தின்ற சாக்லேட்டைத் திருடித் தின்றேன். பேப்பரில் அதன் பல் தடம் பட்டிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், எனக்குத் தடை ஒத்துவராது. இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு சதுரம் டார்க் சாக்லேட், உட்கார்ந்து, எல்லோர் கண்முன்னாலும். ஒளிந்து தின்பதை நிறுத்திய பிறகுதான் அளவே கட்டுக்குள் வந்தது.

ஏழாம்வருடம்:
தங்கச்சி, எல்லோரும் கண்டென்ஸ்டு மில்க்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற இன்னொரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது, இனிப்புப் போட்டால் அடங்குகிறது என்கிறீர்களே, அதை நாக்கின் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அது லோ சுகராக இருக்கலாம்.

நானும் பைபாஸ்தான், ஏழு வருடம் முடிந்துவிட்டது. இரண்டாம் வருடம் எனக்கு இதே கதை. என்னை நானே திட்டிக்கொண்டு பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு நாள் பார்க்கிங்கில் கார் பக்கத்தில் நிற்கிறேன், சாவி கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார். ஐந்து நிமிடம் முன்னால் வண்டியைக் கிளப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

டம்பிங்கில் இரண்டு வகை. நேற்று ராத்திரி உங்களுக்கு வந்தது முதல் வகை, சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வரும். பைபாஸில் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலில் இருக்கிற வால்வின் காவல் நமக்குக் கிடையாது, அதனால் சர்க்கரை அப்படியே சிறுகுடலில் போய் விழும், குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும், படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இரண்டாவது வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது. சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறும், உடம்பு பதறிப்போய்த் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டும், உடனே சரசரவென்று கீழே இறங்கும். இறங்கியதும் மூளை இனிப்பு கொடு என்று கத்தும். கொடுத்தால் மறுபடி ஏறும், மறுபடி விழும். அன்றைக்கு நாள் பூராவும் இதே ராட்டினம்தான். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் தாண்டித்தான் பலருக்கு இது தலைகாட்டும். உங்களுக்கு 14 மாதம் என்றதும் அதனால்தான் பொறி தட்டியது.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு? ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். அந்த நடுக்கம் வரும்போது, மிட்டாயைப் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை குத்திப் பாருங்கள்.

பாதித்தட்டு:
அக்கா, இதைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. எனக்குச் சுகர் வியாதியே கிடையாது, அதனால் லோ சுகர் என்ற யோசனையே வரவில்லை. காலை எட்டே முக்காலுக்கு ஓட்ஸ் கஞ்சி, அதில் பாதி வாழைப்பழம் மசித்து, ஒரு ஸ்பூன் தேன். ஆரோக்கியமானது என்று நினைத்துத்தான்.

அளவுக்கரண்டி:
டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன், பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட நோயாளிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லலாம். குழைய வேகவைத்த ஓட்ஸ், மசித்த பழம், தேன், மூன்றும் கிட்டத்தட்டக் குடிக்கிற பதத்தில் இருக்கிறது, புரோட்டீன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழு இரைப்பை உள்ளவருக்கு அது நல்ல காலை உணவு. உங்கள் இரைப்பைப் பையில் அது நிற்கவே நிற்காது.

இப்படி மாற்றிப் பாருங்கள். முதலில் புரோட்டீன், முட்டையோ கெட்டித் தயிரோ பனீரோ மீனோ. அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு இடம் இருந்தால் மாவுச்சத்து, அதுவும் மெல்ல வேண்டிய வடிவத்தில். லோ சுகர் உறுதியானால் வேளைக்கு 30 கிராம் மாவுச்சத்துக்குள் என்று தொடங்குவது வழக்கம், உங்கள் அளவை உங்கள் டாக்டர் குழு சொல்லும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரோட்டீன் போகிறதா என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இனிப்பு வெறி என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் 30 தாண்டுவதில்லை. பசியைத்தான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் கட்டுப்பாடு, டயட் எல்லாவற்றையும் தூக்கி ஓரமாக வையுங்கள். அப்போது சர்க்கரைதான் மருந்து. 15 கிராம் சர்க்கரை இருக்கிற அளவுக்குக் குளுக்கோஸ் மாத்திரையோ ஜூஸோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் கொஞ்சம் புரோட்டீன் சாப்பிடுங்கள், அதுதான் அடுத்த விழுகையைத் தடுக்கும். 54க்குக் கீழே போனாலோ, குழப்பம், மயக்கம் வந்தாலோ செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. அதுவரை நடுக்கம் வருகிற நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள். இன்னொன்று, யாராவது குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து டெஸ்ட் எடுக்கலாம் என்றால், பைபாஸ் செய்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அது பொருந்தாது, குடித்ததுமே டம்பிங் ஆகலாம்.

கடையில் வாங்குகிற புரோட்டீன் பவுடர், பார் எல்லாவற்றின் முதுகையும் திருப்பிப் படியுங்கள். சர்க்கரை 2 கிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பான், கீழே பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்து இருக்கும். சர்க்கரைக் கணக்கில் அது பெரும்பாலும் வராது, ரத்தத்தில் ஏறுவதோ சர்க்கரையை விட வேகமாக. இருமல் டானிக்கையும் மறக்காதீர்கள், சர்க்கரை இல்லாததைக் கேட்டு வாங்கலாம்.

நேர்பேச்சு:
எல்லோரும் தடவிக்கொடுக்கிறீர்கள், நான் நேராகவே கேட்கிறேன். இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் ராத்திரி எழுந்து டின்னை நக்கினால் அது மனக்கட்டுப்பாடு இல்லாததுதானே? நான் நாலு வருடமாக ஒரு சொட்டு இனிப்பு தொடவில்லை. முடிவு செய்தால் முடியும்.

ஏழாம்வருடம்:
நாலு வருடம் தொடவில்லை என்றால் சந்தோஷம், நிஜமாகவே. ஆனால் உங்கள் பதிவுக்குக் கீழே வருகிற கையெழுத்து வரியில் போட்டிருக்கிறபடி உங்களுக்கு ஸ்லீவ். அதில் இரைப்பையின் எழுபத்தைந்து எண்பது சதவீதத்தை வெட்டி எடுக்கிறார்கள், பசியைத் தூண்டுகிற கிரெலின் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போகிறது, கீழே வால்வு அப்படியே இருக்கிறது. தங்கச்சிக்கு நடந்தது பைபாஸ், வேறு ஆபரேஷன். ஒரே ஆபரேஷன் செய்த இரண்டு பேருக்கே ஒரே மாதிரி இருப்பதில்லை, என்னோடு ஒரே வாரத்தில் செய்துகொண்டவர் ஐஸ்கிரீமைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவார், டம்பிங் எட்டிக்கூடப் பார்க்காது, அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. முதல் வருடம் பசியும் ருசியும் அடங்கிக் கிடப்பதை நம் சாமர்த்தியம் என்று எல்லோரும்தான் நினைத்தோம். பெரும்பாலும் ஆபரேஷன் செய்த வேலை அது. திரும்பி வரும்போது மட்டும் நம் குற்றமா?

மழைக்கோட்டு:
அக்கா சொல்வது எல்லாம் சரி, பகல் கதை எனக்கும் புரிகிறது. ஆனால் ராத்திரி கண்டென்ஸ்டு மில்க் லோ சுகர் மாதிரித் தெரியவில்லையே. நடுக்கம் எதுவும் சொல்லவில்லை, மரக்கரண்டி தேடுகிற அளவுக்கு நிதானமாக இருந்திருக்கிறார்.

பாதித்தட்டு:
இல்லை, நடுக்கம் எதுவும் இல்லை. ராத்திரி வருவது வேறுதான். வயிறு நிறைந்துதான் இருக்கும். பிள்ளைகளைப் படுக்க வைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, நாளைக்கான துணியை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லாத மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஒரு பெரிய தட்டு நிறைய எதையாவது வைத்துக்கொண்டு உட்காருவேன். இப்போது தட்டும் இல்லை.

நடுராத்திரி_நாற்காலி:
இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு தடவை அழித்தேன். பைபாஸ், ஐந்து வருடம். உங்கள் கடைசி வரி என்னுடையது.

சாப்பாடு எனக்கு முப்பது வருடக் கூட்டாளி. சண்டை போட்டால் அது, சம்பளம் வந்தால் அது, யாரும் போன் செய்யாத ஞாயிற்றுக்கிழமை அது. ஆபரேஷன் வயிற்றைச் சின்னதாக்கியது, அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒன்றும் செய்யவில்லை. நான் மழைக்கோட்டு மாதிரி இனிப்பை ஒரேயடியாக நிறுத்தினேன், எல்லோரும் பாராட்டினார்கள். அந்தக் காலி இடத்தில் மது வந்து உட்கார்ந்தது. முன்பு நாலு கிளாஸில் வராத போதை ஒரு கிளாஸில் வந்தது, நமக்கு அது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், சீக்கிரம் பிடித்தும் கொள்ளும். 2012இல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது, பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாவது வருடத்தில் மதுப்பழக்கச் சிக்கல் கூடியிருந்ததாக. எனக்கு ஆரம்பித்ததும் சரியாக அந்த இரண்டாவது வருடம்தான். வெளியே வர ஒன்றரை வருடமும் ஒரு கவுன்சிலரும் தேவைப்பட்டார்கள்.

அதனால் ராத்திரி இனிப்பை எப்படி நிறுத்துவது என்பதோடு, அந்த நேரத்தில் அங்கே என்ன வைப்பது என்பதையும் யோசியுங்கள். நான் ஒரு நாற்காலியை ஜன்னல் ஓரமாகப் போட்டேன். ஆசை வந்தால் அதில் போய் உட்காருவேன், கையில் ஒரு கப் சர்க்கரை இல்லாத சூடான டீ, போனில் 20 நிமிட டைமர். ஆசையோடு சண்டை போடுவதில்லை, எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கவனிப்பேன், தாடையிலா, தொண்டையிலா, நெஞ்சிலா என்று. அது ஏறும், உச்சிக்குப் போகும், அப்புறம் தானாகத் தணியும். டைமர் அடித்த பிறகும் வேண்டும் என்றால் சாப்பிடலாம் என்பது எனக்கு நான் வைத்த விதி. முதல் வாரம் ஏழில் ஐந்து நாள் சாப்பிட்டேன். இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள். பூஜ்ஜியம் ஆகவில்லை, ஆகும் என்றும் நான் சொல்லப்போவதில்லை.

வாலில்லாக்குருவி:
நாற்காலி அண்ணா, டைமர் விஷயத்தை இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

கொஞ்சம் சிரிக்கவும் வேண்டுமே என்று என் வீரக்கதை ஒன்று. சர்க்கரை இல்லாத சாக்லேட் என்று ஒரு பெட்டி வாங்கி, சர்க்கரைதான் இல்லையே என்ற தைரியத்தில் ஒரே உட்காரலில் ஒன்பது. மால்டிடால் என்கிற மாற்று இனிப்பு போட்டது. அன்றைக்கு மாலை என் வயிறு போட்ட சத்தத்தில் மீட்டிங்கில் எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார், இடி இடிக்கிறது என்று நினைத்துவிட்டார். மீதி மீட்டிங்கை நான் எங்கே கழித்தேன் என்று கேட்காதீர்கள். மால்டிடால், சார்பிடால் இந்த வகைகளை ஒன்று ஒன்றாகச் சோதித்துப் பாருங்கள். நாய் வளர்ப்பவர்கள் இதே வகையைச் சேர்ந்த சைலிடால் போட்ட எதையும் அது எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், நாய்க்கு அது விஷம்.

கற்கண்டு_இல்லை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இனிப்பு ஆசை இல்லை, ஐஸ்கட்டி ஆசை. ஒரு நாளைக்கு ஆறேழு டிரே கடித்துத் தின்கிறேன், பல் கூசுகிறது, விட முடியவில்லை. இதுவும் இந்தக் கணக்கில் வருமா, இல்லை எனக்குப் பைத்தியமா?

அளவுக்கரண்டி:
பைத்தியம் எல்லாம் இல்லை. ஐஸ்கட்டி கடிக்கிற வெறி இரும்புச்சத்துக் குறைவில் வருகிற ஒன்று. பைபாஸில் இரும்பு அதிகம் உறிஞ்சப்படுகிற குடல்பகுதியை உணவு தாண்டிப் போய்விடுகிறது, ஸ்லீவிலும் அமிலம் குறைவதால் பாதிக்கப்படும். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பாதித்தட்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

மீட்டர் வந்த மறுநாள் வேண்டுமென்றே பழைய ஓட்ஸ் கஞ்சியையே சாப்பிட்டேன், பார்த்துவிடலாம் என்று. அளவுக்கரண்டி திட்டப்போகிறார். ஒன்பதே முக்காலுக்கு 191. பதினொன்று பத்துக்கு நடுக்கம் வந்தது, குத்திப் பார்த்தால் 52. அந்த எண்ணைப் பார்த்ததும் பயத்தில் அழுதேனா நிம்மதியில் அழுதேனா தெரியவில்லை. ஜூஸ் குடித்து, ஏறியதும் ஒரு முட்டை சாப்பிட்டு, உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். செக்கப்பை அந்த வாரத்துக்கே மாற்றினார்கள்.

டாக்டரிடம் டின் கதையையும் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, வாரத்துக்கு எத்தனை ராத்திரி என்று. திட்டுவார் என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் எல்லாம் வீணாகிவிட்டது. முதலில் உணவை மாற்றிப் பார்ப்போம், போதவில்லை என்றால் அகார்போஸ் என்ற மாத்திரை இருக்கிறது, மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதை அது மெதுவாக்கும் என்றார். சர்க்கரை அளவைக் காட்டுகிற, கையில் ஒட்டுகிற சென்சார் இரண்டு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார். ராத்திரி விஷயத்துக்குக் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்தார்.

இப்போது காலையில் இரண்டு முட்டை, அரை டோஸ்ட். இரண்டு முட்டையை மென்று முடிக்க எனக்கு 25 நிமிடம் ஆகிறது, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறேன், அது ஒரு தனிப் பிரச்சினை. பதினோரு மணி வெறி பன்னிரண்டு நாளில் இரண்டு தடவைதான் வந்தது. ராத்திரி அவ்வளவு சுத்தம் இல்லை. போன புதன்கிழமை பிள்ளைகளின் கேக்கில் மிச்சமிருந்த கிரீமை விரலால் வழித்துத் தின்றேன், டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆனால் விளக்கைப் போட்டுவிட்டுத் தின்றேன். கணவர் தண்ணீர் குடிக்க வந்தார், பார்த்தார், நானும் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் வை என்றார், அவ்வளவுதான்.

நேர்பேச்சு:
நான் அன்றைக்கு எழுதியது கொஞ்சம் அதிகம். 52 என்பது விளையாட்டு இல்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம்வருடம்:
பழைய கஞ்சியையே சாப்பிட்டுச் சோதித்ததற்கு அளவுக்கரண்டி திட்டாவிட்டால் நான் திட்டுகிறேன், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மறுபடி அப்படிச் செய்யாதீர்கள். குளுக்கோஸ் மாத்திரையைக் கைப்பை, அலுவலக டிராயர், வண்டி மூன்று இடத்திலும் வையுங்கள். ஆசைக்கு எடுத்துத் தின்னத் தோன்றாது, சுண்ணாம்பு மாதிரி இருக்கும்.

பாதித்தட்டு:
சரி அக்கா, வாங்கிவிட்டேன். சுண்ணாம்பேதான். ஒரே ஒரு சந்தேகம், சென்சாரைச் சரிபார்க்க விரலில் குத்திக் குத்தி டைப் அடிக்கவே வலிக்கிறது, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

ஏழாம்வருடம்:
விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே வலி குறைவு. தினமும் விரலை மாற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினால் ரத்தம் சுலபமாக வரும். முக்கியமாகக் கழுவாமல் பார்க்காதீர்கள், கேக் கிரீம் ஒட்டியிருந்தால் மீட்டர் 300 காட்டும்.